கிளி சொன்ன வயது

என் உடம்புக்கு வயது ஐம்பத்தேழு. எனக்கு எழுபது. இந்தப் பதின்மூன்று வருட வித்தியாசத்துக்காகத்தான் என்னை மறுபடியும் பிடித்து வேலையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர் சார்நிலைக் கருவூலத்தில் எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, "ஆவுடையப்பன் அண்ணாச்சி இல்லாத ஆபீஸ நெனச்சே பாக்க முடியல" என்று மூக்கைச் சிந்தி அனுப்பி வைத்தார்களே, அதே ஆபீஸ், அதே நாற்காலி. கைப்பிடி மட்டும் உடைந்திருக்கிறது.

எப்படி இந்தக் கதிக்கு வந்தேன் என்று கேட்பீர்கள். நாட்டில் பிள்ளை பெறுகிறவர்கள் குறைந்து போனார்கள். கிழவர்கள் சாக மாட்டேன் என்று அடம்பிடித்தார்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சம்பளம் வாங்குகிறவன் ஒருவன், ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் இரண்டு பேர் என்று நிலைமை முற்றியதும் அரசாங்கம் ஒரு குழு போட்டது. குழு நான்கு வருடம் யோசித்து, 'இந்த நாட்டில் வயது என்பதே நம்பத்தகாத தகவல்' என்று அறிக்கை கொடுத்தது.

அதில் பொய் இல்லை, ஐயா. என் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று ஹெட்மாஸ்டர் பையனை ஏற இறங்கப் பார்த்து, ஐந்து வயது நிரம்புகிற மாதிரி ஒரு தேதியை எழுதிவிடுவார். என் தேதி ஜூன் நான்கு. என் அம்மா கணக்கில் நான் ஐப்பசி அடைமழையில் பிறந்தவன். ஹெட்மாஸ்டர் கைக்கு வந்தபடி எழுதிய தேதியை நம்பி எத்தனை காலம் பணம் கொடுப்பது? ஆகவே சட்டம் வந்தது. இனிமேல் வயது என்றால் உடம்பின் வயது. என்ன வேலை செய்தவராக இருந்தாலும் சரி, உடம்புக்கு அறுபது ஆகிவிட்டால் தேசிய ஓய்வூதியம். அறுபதுக்குக் கீழே என்றால் வேலைக்குப் போக வேண்டும்.

உடம்பின் வயதைச் சொல்ல ஒரு கருவி. அரிசி டிரம் உயரம் இருக்கும். அதற்குள் கையை விட வேண்டும், ஒரு குழாயில் ஊத வேண்டும், ஒரு கண்ணாடியில் கண்ணை வைக்க வேண்டும். எலும்பு, ரத்தக்குழாய், மூச்சு, கண் எல்லாவற்றையும் படித்துவிட்டு நாற்பது விநாடியில் ஒரு சீட்டை வெளியே தள்ளும். அதன் ஆங்கிலப் பெயர் ஒரு முழ நீளம். சீட்டு எடுக்கிறதல்லவா, ஜனங்கள் முதல் நாளே அதற்குக் 'கிளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சட்டம் போட்டவர்களுக்குக் கிளி கிடையாது. அவர்கள் மனதால் சேவை செய்கிறவர்கள், மனதின் வயதைப் பார்க்கும் கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று விளக்கம் சொன்னார்கள்.

சட்டம் வந்த இரண்டே வாரத்தில் எங்கள் கடற்கரைச் சாலை நடைப்பயிற்சிக் குழு கலைந்தது. இருபத்திரண்டு பேர் நடந்த இடத்தில் நான் ஒருவன். மின்சார இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற என் சிநேகிதர் பூமிநாதனைக் காலை ஏழு மணிக்குப் புரோட்டாக் கடையில் கண்டுபிடித்தேன். எண்ணெய்ச் சட்டியில் போட்டுப் பொரித்த புரோட்டா நான்கு இலையில் கிடந்தது.

"என்னவே, வாக்கிங் வரலியா?"

"வேலைக்குப் போக ஒமக்கு ஆசையா இருந்தா நீரு நடயும். எனக்கு நேர்காணலுக்கு மூணு மாசந்தான் இருக்கு. அதுக்குள்ள எட்டு வயச ஏத்தியாவணும்."

"செத்துப் போவீரு வே."

"செத்தா ரிசல்ட்டு இன்னும் நல்லா வரும்" என்று சால்னாவை ஊற்றிக்கொண்டார்.

நேர்காணல் என்பது எங்கள் இலாகாவின் பழைய சடங்கு. ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறாரா என்று வருடத்துக்கு ஒருமுறை நேரில் வரச்சொல்லிப் பார்ப்போம். இப்போது உயிரோடு இருந்தால் போதாது, நொந்தும் போயிருக்க வேண்டும். பூமிநாதனுக்கு அறுபத்தெட்டு வந்தது. கருவூல வாசலிலேயே லட்டு கொடுத்தார். எனக்கு ஐம்பத்தேழு.

வீட்டுக்கு வந்து சீட்டைக் காட்டினேன். என் மனைவி தெய்வானை அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தாள்.

"முப்பது வருசமா எண்ணெ இல்லாம, சீனி இல்லாம பாத்துப் பாத்துப் போட்டதுக்குப் பலன் கெடச்சிருக்கு. காலைல ஒம்பது மணிக்கு டிபன் கட்டித் தாரேன், கெளம்புங்க."

அவள் முகத்தில் அத்தனை சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. பத்து வருடம் நான் வீட்டில் இருந்து என்னவெல்லாம் செய்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கருவூலத்தில் கிளியை இயக்குகிற வேலையும், தபால் பதிகிற வேலையும் என் தலையில் விழுந்தன. அலுவலர் ஜெஸ்லின் மேடத்துக்கு வயது முப்பத்துநாலு, உடம்பு வயது நாற்பத்தொன்று. "மீட்டிங் போயே ஏழு வயசு கூடிட்டு சார்" என்பார். நல்ல பிள்ளை. நான் கோபப்பட்டால் டீ வரவழைத்துக் கொடுப்பார்.

என்னைப் போன்ற கல்லுக்குண்டுகளைத் திரும்ப வேலைக்கு இழுப்பதற்காகக் கொண்டுவந்த சட்டம். ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. ஒரு பங்குனி மாதம் பகல் பதினோரு மணிக்கு அந்தப் பூதம் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது.

"சார், அறுவது ஆனா பணம் தருவாவளாமே?"

"தருவாங்க. ஒனக்கு என்ன வயசும்மா?"

"நாப்பத்திநாலு."

சிரித்துவிட்டேன். "இன்னும் பதினாறு வருசம் கழிச்சு வா."

"ஒடம்பு வயசுன்னுதான சார் டிவில சொன்னாவ?" என்றாள். குரலில் மரியாதை இருந்தது. நகருகிற உத்தேசம் இல்லை.

பெயர் மாரிச்செல்வி. பதினாலு வயதிலிருந்து உப்பளத்தில் உப்பு வாருகிறாள். இந்தக் காலத்திலுமா ஆள் வைத்து உப்பு வாருகிறார்கள், எந்திரம் இல்லையா என்று கேட்டேன்.

"மெஷினெல்லாம் கொண்டாந்தாவ சார். ஆறே மாசத்துல துருப்புடிச்சுப் போச்சு. நீங்கதான் துருப்புடிக்க மாட்டிய, வாங்கட்டின்னு மொதலாளி திருப்பிக் கூப்பிட்டுட்டாரு."

கையை உள்ளே விட்டாள். உள்ளங்கை முழுக்க உப்பு அறுத்த கோடுகள். ஊதச் சொன்னேன், பாதியில் இருமல் வந்துவிட்டது. கண்ணாடியில் கண்ணை வைத்ததும் கூசி, நீர் கொட்டியது. கிளி சீட்டைத் தள்ளியது. அறுபத்தாறு.

கருவியில் கோளாறு என்று நினைத்துத் திரும்பவும் வைத்தேன். திரும்பவும் அறுபத்தாறு. எழுபது வயது மனிதன் நான் ஐம்பத்தேழு, நாற்பத்துநாலு வயதுப் பெண் அறுபத்தாறு. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"அப்பக் கெடைக்குமா சார்?"

"கெடைக்கும். பணம் வந்தா என்ன செய்வ?"

யோசித்தாள். "ஒரு நாளாவது வெயில் ஏறினப்புறம் எந்திரிக்கணும் சார். விடியக்காலம் மூணு மணிக்கு அளத்துல நிக்காண்டாம். வேற ஒண்ணும் வேண்டாம்."

விதிப்படி அடுத்த வாரத்தில் இரண்டாவது சோதனை பார்த்துத்தான் அட்டை கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை வா என்று அனுப்பினேன். திங்கட்கிழமை அவள் தனியாக வரவில்லை. கூடவே, அவளைப் பார்த்துவிட்டு முதல் சோதனைக்கு வந்துபோன உப்பளத்துப் பெண்கள் முப்பத்தேழு பேர். அவர்களையும் அன்றைக்கே இரண்டாவது சோதனைக்கு வரச்சொல்லி நானேதான் எழுதியிருந்தேன். வரிசை படியிறங்கி, சைக்கிள் நிறுத்துகிற இடம் வரை போயிருந்தது.

நான் கிளிக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தபோது கணினியில் தலைமையிடத்து ஆணை ஒன்று வந்து விழுந்தது. கரையோரம் பூராவும் உப்பளம், சுண்ணாம்புக் காளவாசல், கல்குவாரி என்று நாற்பது வயதுக் கிழவர்கள் வரிசையில் நிற்கிற சேதி மேலே போய், அங்கே உதறல் எடுத்திருக்கிறது. நான் ஆணையைத் திறக்கவில்லை. தலைப்பு வெளியிலேயே தெரிந்தது: 'ஓய்வூதியம் – உடல் வயது – கடும் உடலுழைப்புத் தொழில்களில் இயல்பாக ஏற்படும் தேய்மானத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தல் – உடன் நடைமுறைப்படுத்தல்.'

அதாவது, உப்பு வாரி அறுபத்தாறு ஆனால் அது ஐம்பத்துநாலு. புரோட்டா தின்று அறுபத்தெட்டு ஆனால் அது அறுபத்தெட்டேதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையில் இருந்த ரப்பர் ஸ்டாம்பைத் தூக்கிச் சுவரில் எறியலாம் போல இருந்தது. அரசாங்கச் சொத்து என்பதால் எறியவில்லை.

எங்கள் இலாகாவில் ஒரு வழக்கம் உண்டு. ஆணையை எந்தச் சாமி அனுப்பினாலும், அதை அச்செடுத்து, தபால் பதிவேட்டில் எண் போட்டு ஏற்றி, அலுவலர் சுருக்கொப்பம் போடுகிறவரை அது வந்ததாகக் கணக்கில்லை. இந்த ஒரு விதியை வைத்து முப்பத்தாறு வருடம் நான் எத்தனை பேரை அலைக்கழித்திருக்கிறேன் தெரியுமா? புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்த பெண்களிடம், 'ஆர்டர் இன்னும் பதிவாகலம்மா, அடுத்த வாரம் வாங்க' என்று கூசாமல் சொல்லியிருக்கிறேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நான்தான். அன்றைக்குச் சாமி கொடுக்க மாட்டேன் என்றது. பூசாரி கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் ஜெஸ்லின் மேடம் வெளியே வந்தார்.

"சார், ஏதோ ஆர்டர் வந்திருக்காமே. டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்ல கேக்காங்க."

"வந்திருக்கு மேடம். பதிவேட்டுல ஏறல."

"ஏன் சார்?"

"பேனா எழுத மாட்டேங்குது."

என் சட்டைப் பையில் மூன்று பேனா இருந்தது. அவர் அதைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். ஒரு பெண் படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"புதுப் பேனாவுக்குக் கொட்டேஷன் மூணு வாங்கணும்லா சார்?" என்றார். "சாயங்காலம் ஆயிரும். பரவால்ல, மெதுவாவே வாங்குங்க."

அட்டைகளில் கையெழுத்துப் போட அவரே என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் நான் டிபனைத் தொடவில்லை. ஐந்தே முக்காலுக்கு முப்பத்தெட்டாவது அட்டை முடிந்தது. முதல் அட்டை வாங்கிய மாரிச்செல்வி மற்றவர்களுக்காக அதுவரை காத்திருந்தாள். போகும்போது அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நாளைக்கு ஒறங்குவேன் சார்" என்றாள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆணையைப் பதிவேட்டில் ஏற்றினேன். கையெழுத்து முத்து முத்தாக விழுந்தது.

மூன்று மாதம் கழித்து ஓர் ஆச்சரியம். பன்னிரண்டு வருடம் கழிக்கிற ஆணையை அரசாங்கமே வாபஸ் வாங்கிவிட்டது. ஏன் என்று மேடத்திடம் கேட்டேன். "தேவையில்லன்னுட்டாங்களாம் சார், எனக்கும் புரியல" என்றார். எனக்குப் புரிந்துவிட்டதாக நான் நினைத்தேன். ஜனங்களின் வயிற்றெரிச்சல் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது, நியாயம் ஜெயித்துவிட்டது! அரைக்கிலோ மக்ரூன் வாங்கி ஆபீஸ் முழுக்கக் கொடுத்தேன். மிச்சத்தை எடுத்துக்கொண்டு பூமிநாதனைப் பார்க்கப் போனேன்.

அவர் கட்டிலில் கிடந்தார். அடைப்புக்காக நெஞ்சில் இரண்டு குழாய் வைத்திருந்தார்கள். பேசினால் மூச்சு வாங்கியது. "கிளி இப்ப எழுவத்தாறுங்குது" என்றார் முதல் காரியமாக. அதில் ஒரு பெருமை வேறு. பிறகு நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வே, கவர்மெண்டு எடுத்ததத் தானா திருப்பித் தந்தா, மொதல்ல நம்ம பையத் தடவிப் பாக்கணும்" என்றார். சீக்காளி, வாய் கசந்து பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் உப்பளத்துப் பெண்களின் நேர்காணல் வந்தது. காலை பத்தரை மணி. வரிசையில் முதலாவதாக நின்ற பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மஞ்சள் சேலை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கன்னத்தில் சதை. வாசலில் நின்றபடியே, சுவரில் இருந்த அறிவிப்பை எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "வரி-சை-யில் வர-வும்." வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"சார், தெரியலியா? மாரிச்செல்வி."

"ஏ, நீயாம்மா! எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன் சார். மொத மூணு மாசம் ஒறக்கந்தான். எம் மாப்ள பயந்துட்டாரு, இவளுக்கு என்னமோ ஆயிட்டுன்னு. இப்பம் காலைல ஏழு மணிக்குத்தான் எந்திரிக்கேன். இருமல் நின்னுட்டு. கண்ணு கூச மாட்டேங்குது. மூட்டுவலி எங்க போச்சுன்னே தெரியல. காலப் பாருங்க, வெடிப்பெல்லாம் மூடிட்டு." செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பிக் காட்டினாள்.

பாதம் பளிச்சென்று இருந்தது. அந்த ஆணையை ஏன் வாபஸ் வாங்கினார்கள் என்று அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. எழுந்து மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"மேடம், அந்தப் பிள்ளை தேறிட்டா."

ஜெஸ்லின் மேடம் தலையைத் தூக்கவில்லை. "தெரியும் சார். போன வாரம் மீட்டிங்ல சொன்னாங்க. கழிக்கவே வேண்டாமாம். ஒரு வருசம் ஓய்வு குடுத்தா ஒடம்பு தன்னால தேறிரும், தேறிட்டா திருப்பி வேலைக்கு அனுப்பிரலாம், யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னு சொன்னாங்க. கைதட்டுனாங்க சார்."

"கிளி ரிப்பேர்னு சொல்லி ஒரு மாசம் தள்ளிப் போடுவோம்."

"இப்ப எல்லாக் கிளியும் நேரா தலைமையிடத்தோட இணைச்சிருக்கு. பதிவேடும் இல்ல, சுருக்கொப்பமும் இல்ல. இன்னிக்கு நேர்காணல் முடியலன்னா அட்டையே ரத்து."

அவளுக்குப் பதிலாக என் கையை விடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். என் கை ஐம்பத்தேழு. தெய்வானை வளர்த்த கை. இந்த ஊரில் அதைவிட உருப்படாத கை வேறு இல்லை.

வெளியே வந்து உட்கார்ந்தேன். மாரிச்செல்வி நான் சொல்வதற்கு முன்பே கையை உள்ளே விட்டாள். ஒரே மூச்சில் ஊதினாள், இருமவில்லை. கண்ணைக் கண்ணாடியில் வைத்து இமைக்காமல் பார்த்தாள். கிளி சீட்டைத் தள்ளியது.

"எவ்வளவு சார்?"

"ஐம்பத்தெட்டு."

"எட்டு வயசு கொறஞ்சிருக்கா!" முகமெல்லாம் பூரித்துப்போய் வரிசையைத் திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டாள். "ஏட்டி, எனக்கு எட்டு வயசு கொறஞ்சிட்டுட்டி!" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி கைதட்டினாள். இன்னொருத்தி, "அப்ப மாப்ளைய இன்னும் நல்லா வெரட்டுவா" என்றாள்.

புத்தியுள்ள எவரும் அதை நல்ல சேதி என்றுதான் நினைப்பார்கள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சீட்டின் பின்பக்கம் அச்சிட்டிருந்ததை அவளே வாசிக்கட்டும் என்று கோழைத்தனமாக நீட்டப் பார்த்தேன். பிறகு அது அசிங்கம் என்று பட்டது.

"மாரிச்செல்வி, அறுவதுக்குக் கொறஞ்சா பணம் நின்னுரும்மா. திங்கட்கெழமையில இருந்து அளத்துக்குப் போகணும். நல்லாயிட்டல்லா, அதனால."

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. நான் விளையாட்டுக்குச் சொல்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள். மேடத்தின் அறைக் கதவைப் பார்த்தாள். கழற்றிப் போட்ட செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டாள். கூச்சல் போடுவாள், வைவாள் என்று எதிர்பார்த்தேன். வைதிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரு வருசம் உப்பு வாருனா எத்தன வயசு ஏறும் சார்?"

"எனக்குத் தெரியலம்மா. ரெண்டு, மூணு ஏறலாம்."

"அப்ப அடுத்த வருசமே அறுவது வந்துரும்லா." விரல் விட்டு ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். "வந்ததும் வாறேன். திரும்ப ஒரு வருசம் ஒறங்கலாம். என்ன சார்?"

"வாம்மா" என்றேன்.

அவள் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவளுக்குப் பின்னால் முப்பத்தேழு பேர் நின்றார்கள். சிரிப்பு நின்றிருந்தது. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாருமே நன்றாக இருந்தார்கள்.